பிள்ளைக்காம்பராவில் பரவிய நடை

போன மாதம் கொட்டகலையில், பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் ஒருத்தியாக என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. ஒரு பெண் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஒரு குழந்தையைத் தூக்குகிறாள். அவள் முகத்தில் சிரிப்பு. குழந்தையின் முகத்திலும் சிரிப்பு. என் அனுபவத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "டீச்சர், ஒங்க காலத்துலயும் இப்படித்தான் தூக்குனீங்களா?"

"நாங்க தூக்குனத யாராச்சும் படம் புடிச்சி மாட்டியிருந்தா, நீங்கள்லாம் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டீங்க புள்ள" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம், "ஒங்க முதுகு கதையச் சொல்லுங்க டீச்சர்" என்று பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டதால் கதை நின்றுபோனது. ஆனால் என் முதுகு கதை எனக்கு முன்பே பல தோட்டங்களுக்குப் போய்வந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கந்தப்பளையில் சொல்கிற கதையில் எனக்குச் சாமி வந்து பிள்ளைகளையெல்லாம் ஆட்டிவைத்தேனாம். அதனால் நடந்ததை நானே எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுப்போகிற இடத்தை எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா என்பார்கள். நான் அங்கே ஆயாம்மாவாகச் சேர்ந்தேன். பிறகு ஹட்டனில் ஒரு மண்டபத்தில் சில வாரம் பயிற்சி தந்தார்கள். குழந்தையை நிறுத்து அட்டையில் புள்ளி வைப்பது, கை கழுவும்போது பாடுகிற பாட்டு, கஞ்சியின் பதம், காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வது எல்லாம் சொல்லித்தந்தார்கள். பிள்ளையை எப்படித் தூக்குவது என்று மட்டும் சொல்லவில்லை. பெண்ணாகப் பிறந்தவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். திரும்பி வந்ததும் ஆயாம்மா என்ற பெயர் போய் டீச்சர் ஆனேன். பெயர் உயர்ந்ததே தவிர, நான் குனிகிற ஆழம் குறையவில்லை.

அந்தக் குனிவைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்காம்பரா வாசலில் ஓர் அரைக்கதவு உண்டு. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன்பு தாய்மார் ஓடிவருவார்கள். முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, கையில் பிள்ளை. கதவுக்கு மேலாகப் பிள்ளையை நீட்டுவார்கள். வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வலது கை பிடரிக்குக் கீழே, இடது கை பிட்டத்துக்குக் கீழே, துணிப்பையை மாட்ட ஒரு தோள். வாங்கும்போதே, "பால் குடிச்சிச்சா? ராத்திரி இருமுனிச்சா? வயிறு போனிச்சா?" என்று கேட்டுவிட வேண்டும். பதில் வரும்போது தாய் பாதி வழி போயிருப்பாள். பிறகு உச்சந்தலையில் கன்னத்தை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், காதுக்குப் பின்னால் பார்க்க வேண்டும், ஈரத்துணியைக் கழற்றி உலர்ந்ததை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏணை. சீலையில் கட்டிய ஏணைகள் உத்தரத்திலிருந்து தொங்கும். பிள்ளை தவறி விழுந்தாலும் அடிபடக் கூடாது என்பதற்காக அவற்றைத் தரையோடு தரையாகத் தாழக் கட்ட வேண்டும் என்பது உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஏணை தாழ்ந்தது, நானும் தாழ்ந்தேன். பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வருவார்கள். எல்லாரையும் தூக்கி எடுக்க வேண்டும், எல்லாரையும் திரும்பப் படுக்கவைக்க வேண்டும். பகலிலும் அப்படியே, சாயங்காலமும் அப்படியே.

எங்கள் மேலதிகாரி அருளப்பன் ஐயா. தோட்டத்து வெல்ஃபேர் ஐயா. நெடிய மனிதர், கையில் எப்போதும் குடை. பிள்ளைக்காம்பராவுக்குள் வர வேண்டுமென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். அவர் சப்பாத்தின் கயிறு நீளமானது. ஆகையால் அரைக்கதவுக்கு வெளியிலேயே நின்று, கைகளைப் பின்னால் கட்டி, கூரையைப் பார்த்தபடி கேட்பார். "எல்லாம் ஒழுங்குதானே இந்திராணி?" நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "நல்லது, நல்லது" என்பார். அப்புறம், "அந்த மூலையில ஒட்டட தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போவார். கெட்டவர் அல்ல. வெளியாட்கள் பார்வையிட வரும்போது தோட்டத்துக்கு அவமானம் வந்துவிடக் கூடாது என்ற ஒரே பயத்தில் வாழ்ந்தவர்.

வலி ஒரு மழை நாளில் தொடங்கியது. சஞ்சீவன் என்று ஒரு பிள்ளை. தாய் குச்சி போல இருப்பாள், அவள் சாப்பிட வேண்டியதையும் சேர்த்துப் பிள்ளை சாப்பிட்டுவிட்டதோ என்று தோன்றும். அன்றைக்கு அவனைக் கஞ்சிக்குத் தூக்கப் போனேன். அவனுக்கு ஏணையை விட்டு வர இஷ்டமில்லை. சீலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் இழுத்தேன், அவனும் இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஏணைக் கயிறுதான் அறுந்துவிட்டது என்று நினைத்து மேலே பார்த்தேன். கயிறு நன்றாக இருந்தது. மேலே பார்த்த நான்தான் திரும்பக் கீழே பார்க்க முடியாமல் அப்படியே நின்றேன். அடுப்படியிலிருந்து உதவியாள் கமலா ஓடிவந்து, என்னை ஒரு பக்கமும் சஞ்சீவனை ஒரு பக்கமும் பிரித்தெடுத்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டார்கள். "முதுகுவலியா? தோட்டத்துல யாருக்கும்மா இல்ல?" அதுவும் உண்மைதான். கூடை சுமக்கிறவர்களுக்கு இல்லாத வலி எனக்கு மட்டும் எப்படிப் பெரிதாகும்? வெள்ளை மாத்திரையும் மஞ்சள் தைலமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் மாணிக்கம் தேயிலை ஸ்டோரில் அடுப்புப் பக்கம் வேலை செய்தவர். உலகத்து நோயெல்லாம் வாய்வினால்தான் வருகிறது என்பது அவர் கொள்கை. தலைவலியும் வாய்வு, காய்ச்சலும் வாய்வு. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோதும், "உள்ளுக்குள்ள வாய்வு தள்ளியிருக்கும்" என்றார். எனக்குப் பூண்டை உரித்துப் பாலில் வேகவைத்துத் தந்தார். முதுகு அப்படியே இருந்தது. ஆனால் பிள்ளைகளைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அடுத்ததாக வைத்தியம் றொசல்லைப் பக்கம் போனது. ரயிலில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு வெதமாத்தயா இருந்தார். வயதான சிங்கள நாட்டு வைத்தியர், தங்கமான மனிதர். நாடி பிடித்தார், முதுகை அழுத்திப் பார்த்தார். நான் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகு, எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்து எப்படிப் பூசுவது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரருக்குத் தன்னுடைய சிங்களத்தில் ரொம்பப் பெருமை. ஹட்டன் கடைவீதியில் பேரம் பேசிப் பழகிய சிங்களம்.

வீட்டுக்கு வந்ததும், "கொண்டைய அவுத்து விடு" என்றார்.

"முதுகு வலிக்கிறதுக்கு எதுக்குங்க கொண்டைய அவுக்கணும்?"

"வெதமாத்தயா தலையிலதான் பூசச் சொன்னாரு. 'கொண்டே கான்ன'ன்னு ரெண்டு தரம் சொன்னாரு. நரம்பெல்லாம் மேல இருந்துதானே கீழ வருது? ஒனக்கு என்னா தெரியும்?"

எனக்குத் தெரியாதுதான். அந்த எண்ணெயைக் காலையும் மாலையும் தலையில் தேய்த்துக் கொண்டை போட்டேன். கசப்பு வாடை. பூண்டுக்கே முகத்தைத் திருப்பிய பிள்ளைகள் இப்போது தும்மினார்கள்.

அதிசயம் என்னவென்றால் முதுகுவலி குறைய ஆரம்பித்தது. உண்மையாகவே குறைந்தது. பிட்டத்தில் இறங்கி, தொடையில் இறங்கி, இடது காலோடு கெண்டைக்கால் வரைக்கும் போய்விட்டது. "பாத்தியா, வலி எறங்கி வெளிய போகுது" என்றார் வீட்டுக்காரர். நானும் நம்பினேன். பாதத்தைத் தாண்டினால் மண்ணுக்குள் போய்விடும் என்று காத்திருந்தேன்.

அது வெளியே போகவில்லை. கொஞ்ச நாளில் காலில் வலி கூடத் தெரியவில்லை, மரத்துப்போனது. இடது காலில் இருந்த செருப்பு வழியில் எங்கோ கழன்று விழுந்துவிடும், நான் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்வேன். "செருப்பு பழசு" என்று வீட்டுக்காரர் பின்னால் வார் வைத்தது வாங்கித் தந்தார். பலகையில் படுத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். லயத்தில் ஆள் நீளத்துக்குப் பலகை என்றால் கதவுதான். அடுப்படிக் கதவைக் கழற்றித் தரையில் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அதில் படுத்திருந்தேன். கதவில்லாத வழியாக அடுத்த வீட்டுக் கோழி உள்ளே வந்து என் இடது பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வீட்டு அக்கா கோழியைத் தேடிவந்து, "என்னாடி, கோழிய அட வச்சிருக்கியா?" என்று கேட்டபோதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு, கோழி இருந்தது எனக்கு ஏன் தெரியவில்லை என்று அந்தப் பாதத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும்? குனிய முடியாதவளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்திருப்பார்களா? வீட்டுக்காரருக்கு வேலை முடிகிற வயது வந்துகொண்டிருந்தது. நான் வலது காலை ஊன்றி, இடுப்பில் கையை முட்டுக்கொடுத்து, "ஐயோ முருகா" என்று உட்கார்ந்து, "ஐயோ முருகா" என்று எழுந்து, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த நோய் பரவியது.

முதலில் செல்வி என்ற தாய் காலையில் பிள்ளையை நீட்டும்போதே சொன்னாள். "டீச்சர், நிலூஷா வீட்டுல இடுப்பப் புடிச்சிக்கிட்டு நடக்குறா. ஒரு கால இழுக்குறா."

நிலூஷாவுக்கு மூன்று வயது. அவளை இறக்கிவிட்டேன். என் முன்னால் குதித்து ஓடினாள். "ஒண்ணும் இல்லையே" என்றேன். இரண்டு நாள் போனது. இன்னொரு தாய் வந்தாள். "எங்க வீட்டுல பெரியவனும் அப்படித்தான் நடக்குறான் டீச்சர். ஒக்காரும்போது ஐயோங்கிறான்." மறுநாள் இன்னும் நாலைந்து பேர். பாவம், பெற்ற மனம். எண்ணெய் தடவினார்கள், மடியில் போட்டுத் தட்டினார்கள், கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்கள். கால் இழுத்தால் பிஸ்கட் கிடைக்கிறது என்ற செய்தி பிள்ளைகளுக்குள் பரவியதும் நோய் இன்னும் வேகமாகப் பரவியது.

பெரட்டுக்களத்தில் வேறு பேச்சே இல்லை. தண்ணீர்த் தாங்கியில் ஏதோ விழுந்துவிட்டது என்றார்கள் சிலர். மலையில் அடித்த மருந்து காற்றில் வந்திருக்கும் என்றார்கள் சிலர். பூசாரி, முனிக்குப் பொங்கல் வைக்காத குறை என்றார். போலியோ என்று யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள், அதோடு பாதித் தாய்மார் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்கு வரவில்லை. கொழுந்து நிறை குறைந்ததும் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை அருளப்பன் ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஐயா குடையை மறந்துவிட்டு ஓடிவந்தார். அவர் குடையில்லாமல் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்னா நடக்குது இந்திராணி? என்னா குடுத்தீங்க புள்ளைங்களுக்கு?"

"எப்பவும் குடுக்குற கஞ்சிதாங்க ஐயா."

"நாளைக்கு சுகாதாரத்துல இருந்து டொக்டர் வாறாங்க. சுவருக்குச் சுண்ணாம்பு அடிங்க. அந்த ஒட்டடையையும் எடுங்க." நோய் எதுவானாலும் ஒட்டடை அவர் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள். கஞ்சியில் தப்பு நடந்திருந்தால்? தண்ணீரைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் விட்டிருந்தால்? என் காலை நான் மறந்தே போனேன்.

மறுநாள் வந்தது ஒரு சிங்கள டொக்டர் மிஸ். இளம் வயது. சப்பாத்தைச் சட்டென்று கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். எங்கள் சிங்களத்தைவிட அவர் தமிழ் நன்றாக இருந்தது. அருளப்பன் ஐயா வழக்கம்போல அரைக்கதவுக்கு வெளியே. அவருக்குப் பின்னால் தாய்மார் கூட்டம்.

மிஸ் ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்துப் பார்த்தார். கண், கழுத்து, வயிறு. சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் தானாகத் துள்ளியதும் பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. ஒரு தரம் தட்டியவர்கள் திரும்பவும் வரிசைக்கு வந்தார்கள். பிறகு, "நடந்து காட்டுங்க" என்றார். நடக்கத் தெரிந்த அத்தனை பிள்ளைகளும் இடுப்பில் கை வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். வெளியே ஒரு தாய் வாயைப் பொத்தி அழுதாள்.

மிஸ் தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பக்கெட்டை எடுத்துக் கூடத்தின் அந்தக் கோடியில் வைத்தார். "யாரு மொதல்ல?" என்றார்.

ஒரே ஓட்டம். நொண்டியது ஒன்றுகூட இல்லை. சஞ்சீவனுக்கு இன்னும் நடை சரியாக வந்திருக்கவில்லை, அவன்கூடத் தவழ்ந்து போய் இரண்டு எடுத்தான்.

வெளியே அழுத தாய் வாயிலிருந்து கையை எடுத்தாள். மிஸ் நிலூஷாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, தங்கச்சியைக் கூப்பிடுவது போலக் கேட்டார். "நங்கி, ஏன் அப்பிடி நடக்குறது?"

நிலூஷா வாயில் பிஸ்கட்டோடு சொன்னாள். "டீச்சர் மாதிரி."

அரைக்கதவுக்கு வெளியே முதலில் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு ஆரம்பித்ததும் நிற்கவில்லை. அழுத தாய்தான் அதிகமாகச் சிரித்தாள். அடுப்படியில் கமலா, "நான் வெளையாட்டுன்னு நெனச்சேன் டீச்சர்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் அப்படி நடந்திருக்கிறார்கள். நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில்கூட என் முகம் அவ்வளவு சூடாக இருந்ததில்லை. அருளப்பன் ஐயா, "அப்ப நீங்கதான் பரப்புனதா?" என்று கேட்டார். ஏதோ நான் வேண்டுமென்றே சுகாதாரத் திணைக்களத்தை வரவழைத்தது போல.

மிஸ் நிலூஷாவிடம், "வேற யாரு மாதிரி நடப்பீங்க?" என்று கேட்டார். உடனே நாலு பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டி, கூரையைப் பார்த்து, "எல்லாம் ஒழுங்குதானே, நல்லது, நல்லது" என்றார்கள். ஐயா பின்னால் கட்டியிருந்த கைகளை அவசரமாக முன்னால் கொண்டுவந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் டீச்சர் மாதிரி நடங்க" என்றார். பிள்ளைகள் நடந்தார்கள். அவர் தரையோடு குனிந்து கால்களையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், எல்லா பிள்ளையும் எடது கால்தான் இழுக்குது. பாதம் தொங்குது. நீங்க நடங்க."

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிமிர்ந்து நடந்தேன். நன்றாகத்தான் நடந்தேன் என்று நினைத்தேன்.

"இப்ப குதிங்காலுல மட்டும் நில்லுங்க. விரல் மேல."

வலது கால் விரல்கள் உயர்ந்தன. இடது பாதத்தை உயரச் சொல்லி மனதுக்குள் எவ்வளவு சொன்னாலும் அது தரையிலேயே கிடந்தது. வேறு யாருடைய பாதத்தையோ பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் இப்போது சிங்களத்தில் வேகமாகக் கேட்டார். "கொந்த ரிதெனவாத?"

எனக்குப் புரிந்தது அந்த முதல் சொல் ஒன்றுதான். கொண்டையைத் தொட்டுக் காட்டி, "இல்ல மிஸ், அந்த எண்ணெ போட்டதுல இருந்து நல்லா வளருது" என்றேன்.

மிஸ் என் கொண்டையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் தன் முதுகில், இடுப்புக்கு மேலே கையை வைத்து, "கொந்த இது" என்றார். தலைமுடியைத் தொட்டு, "இது கொண்டே" என்றார். எண்ணெய்க் கதையைச் சொன்னேன். அப்போதுதான் அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். சிரித்து முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அருளப்பன் ஐயா தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வெகுதூரம் போய்விட்டார். இரண்டு நாளாகச் சிறுநீர் போவது சிரமமாக இருந்தது என்று சொன்னேன். அதையும் நான் வாய்வு என்றுதான் நினைத்திருந்தேன்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரி" என்றார் மிஸ்.

"கஞ்சி அடுப்புல இருக்கு மிஸ். நாளைக்குப் போறேனே."

"நாளைக்குப் போனா, இந்தப் பிள்ளைங்க மாதிரி எழும்பி ஓட உங்களுக்கு ஏலாமப் போகும்."

கஞ்சியைக் கமலாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கண்டிக்குக் கொண்டுபோனார்கள். படம் எடுத்தார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை போன்ற ஒன்று பிதுங்கி வந்து நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது என்று பெரிய டொக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். என் வீட்டுக்காரர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த மெத்தைக்குள்ள வாய்வு இருக்குமா டொக்டர்?" என்றார். இல்லை என்றார் டொக்டர். கொஞ்சம்கூடவா? கொஞ்சமும் இல்லை. என் காலைப் பற்றிக் கேட்டதைவிட அந்தப் பதில் அவரை அதிகம் வாட்டியது என்று நினைக்கிறேன்.

ஆனால் என் காலைப் பற்றியும் நல்ல பதில் கிடைக்கவில்லை. பிதுங்கியதை வெட்டி எடுத்தால் நிலைமை மோசமாகாமல் நிற்கும், பாதம் திரும்பி வருமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். "பிள்ளைங்களத் தூக்கலாமா?" என்று கேட்டேன். டொக்டர் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினார். வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் இடது பாதத்தைத் தேய்த்துவிட்டபடி, "தெரியுதா?" என்றார். "தெரியுது" என்றேன். தெரியவில்லை. அவருக்கும் அது தெரியும். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

வெட்டி முடித்த மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன். "ஏங்க கை இவ்வளவு குளிருது?"

அவர் கையை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "கண்டியிலயும் குளிராத்தான் இருக்கு" என்றார்.

அருளப்பன் ஐயா ஒரு நாள் பழங்களோடு வந்தார். கட்டிலருகே நின்று, பழக்கத்தில் கூரையைப் பார்த்து, "எல்லாம் ஒழுங்குதானே இந்திராணி?" என்றார். நான் காத்திருந்தேன். "நல்லது" வரவில்லை. கூரையிலிருந்து பார்வையை இறக்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் முதல் தரம் அவர் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். ஒழுங்கில்லை ஐயா, திரும்ப வேலைக்கு வர முடியுமா என்று பயமாயிருக்கிறது என்றேன். பிள்ளைகளுக்குத் துணி மாற்றுவதற்கும் அவர்களைத் தூக்குவதற்கும் ஓர் உயரமான மேசை இருந்தால் முதுகு தப்பும் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். துரையிடம் என்ன பேசினாரோ, நான் திரும்பி வரும்போது மேசை தயாராக இருந்தது. இடுப்பளவுக்குச் செய்யச் சொல்லியிருக்கிறார், அவருடைய இடுப்பளவுக்கு. எனக்கு மார்புவரை வந்தது. தச்சாசாரியைக் கூப்பிட்டுக் கால்களை அறுத்தோம். முதலில் ஒரு கால் அதிகமாக அறுபட்டு, அந்த மேசையும் கொஞ்ச நாள் என்னைப் போலவே நின்றது. இடுப்பளவு மேசை இல்லாத பிள்ளைக்காம்பராக்கள் இப்போதும் இருக்கின்றன என்று கொட்டகலைப் பயிற்சி வகுப்பில் சில பெண்கள் சொன்னார்கள். அவர்கள் வெல்ஃபேர் ஐயாவிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவர் கூரையைப் பார்த்தாலும் கேட்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பியபோது பாதம் முக்கால்வாசிதான் என் சொல் கேட்டது. ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி தந்த பெண், குதிங்காலை முதலில் வை, விரல்களை உயர்த்து, பிறகு ஊன்று என்று சொல்லி அனுப்பியிருந்தார். கஞ்சி முடிந்த பிறகு நான் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பழகுவேன். பாதத்தில் உணர்ச்சி குறைவு. சரியாக வைக்கிறேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் சட்டென்று திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்னால் நிலூஷாவும் மற்றவர்களும் வரிசையாக, விரலை வானத்துக்கு உயர்த்தி, குதிங்காலை டொக் டொக்கென்று வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் இடது பாதம் சாய்ந்திருந்தால் என் பாதமும் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் திருத்திக்கொள்வேன். அவர்களும் திருத்திக்கொள்வார்கள். இந்தத் தடவை தாய்மார் யாரும் பயப்படவில்லை, பிஸ்கட்டும் கொடுக்கவில்லை.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலை வழக்கம்போல நடந்து, பாதிக் கூடத்தில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. ஒருத்தி தத்தித் தத்திக் குதித்துக்கொண்டிருந்தாள், ஒருவன் தவளை போலப் போனான், சஞ்சீவன் மேசைக்குக் கீழே பின்பக்கமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிலூஷாவைக் கூப்பிட்டேன். "ஏன்டி, டீச்சர் மாதிரி நடக்கலியா?"

அவள் என் கால்களை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "நீங்க இப்ப சும்மாதானே நடக்குறீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.